திருவுளச்சீட்டு

டோர்செட் பார்க், ஸ்காபரோ
24 செப்ரெம்பர் 2023

அன்பு மருமகள் ஷாமிலாவுக்கு,

ஆண்டவரின் கிருபையால் நானும் மாமியும் சுகம். நீரும் அந்தக் குளிருக்குள் சுகமாயிருக்க வேண்டுமென்று ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்கிறோம். நீர் லாப்ரடோர் போய் இறங்கி இரண்டு கிழமை ஆகிறது. போனில் உமது குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போலக் கேட்கிறது. என் காதும் முன்னைப்போல இல்லை. ஆகையால் கடிதமே எழுதுவோம். பதினொரு வயதில் தாயை இழந்து எங்களிடம் வந்த பிள்ளைக்குச் சனிக்கிழமைகளில் தமிழ் எழுதப் பழக்கியது வீண்போகவில்லை.

வியாழக்கிழமை எங்கள் ஜெப ஐக்கியத்தில் உமது பெயரைச் சொல்லி ஜெபித்தோம். கட்டடத்தின் பொது மண்டபத்தில் கதிரைகள் போதவில்லை. காலை ஆறிலிருந்து ஏழு வரையான உமது ஜெப மணித்தியாலத்தை மாமி எடுத்திருக்கிறா. ஆகவே எங்கள் ஜெபம் இருபத்திநான்கு மணித்தியாலமும் அறாமல் ஓடுகிறது.

நீர் இப்போது நிற்கிற கரையின் கதையை உமக்கு நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஜெர்மனியில் ஹெர்ன்ஹுட் என்ற ஒரு குடியிருப்பு. மொறேவியாவிலிருந்து விசுவாசத்துக்காக ஓடிவந்த அகதிகள், எங்களைப்போல. முதலில் தங்களுக்குள் சண்டை. 1727 ஓகஸ்ட் மாதம் ஒரு நற்கருணை ஆராதனையில் ஒப்புரவானார்கள். பிறகு ஆண்களும் பெண்களும் நாளின் மணித்தியாலங்களைப் பங்குபோட்டு ஜெபிக்கத் தொடங்கினார்கள். அது நூறு வருடம் நடந்தது. ஐந்து வருடத்துக்குள் ஒரு குயவனையும் ஒரு தச்சனையும் கரிபியன் தீவுக்கு அனுப்பினார்கள். பிறகு கிறீன்லாந்து, பிறகு நீர் நிற்கிற லாப்ரடோர். சில நூறு பேர் மட்டும் இருந்த ஒரு கிராமம்! பெரிய சபைகள் நித்திரையாயிருந்த காலம் அது. இவர்களின் அறிக்கைகளை வாசித்துத்தான் இங்கிலாந்தில் கேரி என்ற மிசனரி எழும்பினார். அவருக்குப் பின்னால் லண்டன்காரர், அமெரிக்கர். அந்தச் சங்கிலியின் கடைசியில், ஊரில், உடுவில் மிசன் பள்ளியில் எங்கள் குடும்பம் எழுத்துப் படித்தது.

நாங்கள் இருபது வருடம் ஜெபித்தும் ஒருவரைக்கூட அனுப்பவில்லை என்ற வெட்கம் எனக்குள் இருந்தது. இப்போது நீங்கியது. ஊழியத்துக்குப் போவதா, நின்று அஜக்ஸில் இருக்கிற துஷாந்தைக் கலியாணம் செய்வதா என்று நீர் குழம்பி நின்றீர். அந்த ஹெர்ன்ஹுட் சகோதரர்களைப்போலத் திருவுளச்சீட்டால் ஆண்டவரிடமே கேட்போம் என்று நீராகவே சொன்னீர். ஓம் என்று ஒரு சீட்டு, இல்லை என்று ஒன்று, பொறுத்திரு என்பதற்கு ஒரு வெள்ளைச் சீட்டு. மே மாதம் எல்லாருக்கும் முன்னால் நீர் எடுத்தது ஓம். அதை நினைத்துத் தைரியமாயிரும்.

கிளினிக்கில் வேலை எப்படி? தடித்த சப்பாத்து வாங்கினீரா?

என்றும் உமக்காக ஜெபிக்கும்
மாமா கிளிபோட்


15 ஒக்ரோபர் 2023

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும்,

நான் நல்ல சுகம். உங்கடை பிரசர், மாமியின்ரை முழங்கால் எல்லாம் எப்பிடி? கடிதம் வந்து சேர ரெண்டு கிழமைக்கு மேலை. மூடுபனி எண்டா பிளேன் வராது. பிளேன் வராட்டி கடிதமும் இல்லை, வாழைப்பழமும் இல்லை.

கிளினிக்கிலை ரெண்டு நேர்ஸ்தான். டொக்டர் மாசத்திலை ஒருக்கா வருவார். மற்ற நேரம் போன்லை கேட்டுக்கேட்டுச் செய்யிறது. ஸ்காபரோவிலை பத்துப்பேர் செய்யிற வேலையை நான் ஒராள் செய்யிறன். முதல் கிழமை ஒவ்வொரு மருந்தையும் மூண்டு தரம் சரிபாத்தன். இப்ப பரவாயில்லை.

சேர்ச் கடலுக்குக் கிட்ட, வெள்ளை மரக் கட்டடம். பாஸ்டர் இல்லை. ஊராக்களே நடத்தினம். சபீனா எண்டு எழுபத்தைஞ்சு வயசு அம்மா ஒராள் தங்கடை பாசையிலை வேதம் வாசிப்பா. ட்றோம்போன், ட்றம்பெற் எல்லாம் வாசிக்கிறது மீன் பிடிக்கிற ஆக்கள். நான் ஒரு உதவிக்கு வந்தனான் எண்டு சொன்னன். சபீனா என்னை மேலும் கீழும் பாத்திட்டு, "நல்லது, சண்டே ஸ்கூல் பிள்ளையளுக்குக் கத்தரிக்கோல் காணாது, அதையும் கொண்டு வந்தனீரோ?" எண்டு கேட்டா. ரெண்டுபேரும் சிரிச்சம். மாமா, இவை ரெண்டரை நூறு வருசமாக் கிறிஸ்தவர்கள். நான் ஆருக்கு என்ன சொல்லவேணும் எண்டு சில நேரம் யோசினை வருது.

அஜக்ஸ் பக்கத்திலை இருந்து ஆராவது வந்தவையோ? சும்மா கேட்டனான்.

சப்பாத்து வாங்கிட்டன்.

அன்புடன்
ஷாமிலா


டோர்செட் பார்க்
12 நவம்பர் 2023

அன்பு மருமகள் ஷாமிலாவுக்கு,

உமது கடிதம் கண்டு சந்தோசம். மாமிக்கு முழங்கால் அப்படியேதான். எனக்குக் கொஞ்சம் நெஞ்சுச் சளி. மற்றும்படி குறை இல்லை.

உமது கடிதத்தை ஐக்கியத்தில் வாசித்தேன். ஒவ்வொரு வசனத்துக்கும் ஆமென் சொன்னார்கள். ஆருக்கு என்ன சொல்வது என்று கலங்க வேண்டாம். அந்தக் குயவன் தீவில் போய் இறங்கினபோது அவருக்கும் தெரிந்திருக்காது. இலங்கைக்கும் 1740இல் சகோதரர்கள் வந்தார்கள். ஒல்லாந்தர் அவர்களை நிற்க விடவில்லை. தோற்றுப்போன பயணமும் கணக்கில் சேரும் என்று நான் நம்புகிறேன்.

துஷாந்த் போன மாதம் வந்தவர். சுகம் விசாரித்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

உமது மற்ற நேர்ஸ் எப்படிப்பட்டவ? கூடி ஜெபிக்கக்கூடிய ஆளா? எழுதும்.

மாமா


10 டிசம்பர் 2023

அன்புள்ள மாமா, மாமி,

நீங்கள் சுகமாயிருக்க வேணும். சளிக்கு வெந்நீர் ஆவி பிடியுங்கோ. ஒரு மாசத்துக்கு மேலை இருமல் நிண்டா டொக்டரிட்டைப் போங்கோ, சாட்டுச் சொல்லாதேங்கோ.

நான் சுகம் எண்டுதான் சொல்லவேணும். ஆனா இந்த மாசம் பாரமாப் போச்சு. நவம்பரிலை கூஸ் பே எண்ட ரவுணுக்கு ஒரு கிழமைப் பயிற்சிக்குப் போட்டு வந்தனான். வரேக்கை லேசான தடிமன். டெஸ்ற் செய்து பாத்தன், ஒண்டுமில்லை எண்டு வந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனன். ஏனெண்டா மற்ற நேர்ஸ் லீவு. நாலாம் நாள் நான் பாத்த ஒரு கைக்குழந்தைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிட்டுது. பேர் றோஸி, ஏழு மாசம். மூடுபனியாலை பிளேன் வரேல்லை. ரெண்டு நாள் ஒட்சிசன் குடுத்து மடியிலை வைச்சிருந்தன். தாய் என்னை ஒரு வார்த்தை சொல்லேல்லை. சொல்லியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும். பிறகு பிளேன் வந்து ஏத்திக்கொண்டு போச்சு. பிள்ளை இப்ப தப்பிட்டுது. எங்கையிருந்து தொத்தினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் ஒரு எண்ணம் இருக்கு.

அண்டைக்கு ஓடிப்போகலாம் எண்டு இருந்தது. பிளேனிலை இடம் இருந்தது, மாமா. மே மாசத்துச் சீட்டை நினைச்சுத்தான் நிண்டனான். ஆண்டவர் போ எண்டு சொன்ன இடத்தை விட்டு எப்பிடிப் போறது?

பிறகு சபீனா என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சவக்காலையைக் காட்டினவ. எல்லாக் கல்லும் ஒரே அளவு, நிலத்தோடை படுத்திருக்கு. அங்கை வைச்சுத்தான் சொன்னவ. 1918இலை ஹார்மனி எண்ட மிசன் கப்பல் சாமான் கொண்டு வந்ததாம். அதோடை இன்ஃபுளுவென்சாவும் வந்ததாம். ஓக்காக் எண்ட ஊரிலை இருநூறு பேருக்கு மேலை செத்துப்போச்சினமாம். பெரிய ஆம்பிளை எண்டு ஒருத்தரும் மிஞ்சேல்லையாம். சபீனாவின்ரை தாய் அப்ப எட்டு வயசு, தப்பின பிள்ளையளிலை ஒராள். அந்த ஊரே இல்லாமல் போச்சு. மிச்சமான ஆக்கள் இஞ்சையும் வந்து சேர்ந்தவை.

"அப்பிடியிருந்தும் ஏன் இந்தச் சேர்ச்சுக்கு வாறனீங்கள்?" எண்டு கேட்டன். "அது அவையின்ரை சேர்ச் எண்டு உமக்கு ஆர் சொன்னது?" எண்டா.

மாமா, நீங்கள் எழுதின புத்தகத்திலை லாப்ரடோருக்கு ஒரு முழு அதிகாரம் இருக்கு. நான்தானே ரைப் பண்ணினனான். இது ஏன் அதிலை இல்லை? உங்களுக்குத் தெரியாதோ?

கிறிஸ்மஸ் வாழ்த்துகள்.

ஷாமிலா


டோர்செட் பார்க்
7 ஜனவரி 2024

அன்பு மருமகள் ஷாமிலாவுக்கு,

புது வருட ஆசீர்வாதம். றோஸிப் பிள்ளை பிழைத்ததற்கு ஸ்தோத்திரம். உம்மில் பிழை இல்லை. ஆள் இல்லாத இடத்தில் நீர் வேறென்ன செய்திருக்க முடியும்?

நீர் கேட்டதற்குப் பதில். தெரியும். வாசித்தேன். ஒரு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். பிறகு, எங்கள் ஐக்கியத்தின் இருபதாம் ஆண்டுப் புத்தகத்தில் எதற்கு அந்தத் துயரம் என்று எடுத்துவிட்டேன். வாசிக்கிறவர்களின் ஊக்கம் குறையும் என்று எனக்கு நானே சொன்னேன். அது சரியில்லை.

ஓடிப்போக நினைத்தேன், சீட்டை நினைத்து நின்றேன் என்று எழுதியிருக்கிறீர். அந்த வரியை ஐக்கியத்தில் வாசிக்கவில்லை. நான் மட்டும் பல தரம் வாசித்தேன்.

இன்றைக்கு இதற்குமேல் எழுத ஓடவில்லை. மாமி சுகம். இருமல் குறைந்துவிட்டது.

மாமா


28 ஜனவரி 2024

அன்புள்ள மாமா, மாமி,

சுகம்தானே? நானும் சுகம். இஞ்சை கடல் முழுக்க இறுகிப்போச்சு. ஆக்கள் அதுக்கு மேலாலை ஸ்கீடூ எண்ட பனி வண்டி ஓடினம்.

என்னோடை படிச்ச அட்சயா பிறம்ரனிலை இருந்து மெசேஜ் போட்டவள். துஷாந்துக்குக் கலியாணம் சரிவந்திட்டுதாம். பொம்பிளை நிலாணி, அவையின்ரை சொந்தத்துக்குள்ளை. மே மாசம்.

நான் அழேல்லை எண்டு பொய் சொல்ல மாட்டன். ஆனா அவரிலை கோவம் இல்லை. நான்தானே ஒரு கிழமைக்குள்ளை எல்லாத்தையும் முடிச்சனான். அஜக்ஸ் ஸ்ரேசனிலை வைச்சுச் சொன்னனான். வேலைக்குப் போக நிண்டவர். மூண்டு ரெயின் போச்சு, அவர் ஒண்டிலையும் ஏறேல்லை. "உம்மடை கடவுள் சொன்னா நான் என்ன செய்யிறது?" எண்டு மட்டும் கேட்டார்.

அந்தச் சீட்டு அப்பிடி வந்திருக்காட்டி என்னாலை இதைத் தாங்க ஏலாது. அது வந்தபடியாத்தான் நித்திரை கொள்ளுறன்.

எனக்காக ஜெபியுங்கோ.

ஷாமிலா


டோர்செட் பார்க்
18 பெப்ரவரி 2024

என்ரை குஞ்சு ஷாமிலாவுக்கு,

நான் மாமி எழுதிறன். எனக்கு எழுத்து வராது எண்டு உமக்குத் தெரியும். பிழையளைப் பொறுத்துக்கொள்ளும். நேரத்துக்குச் சாப்பிடும். கம்பளிக் காலுறை ரெண்டு சோடி பாசலிலை அனுப்பியிருக்கிறன்.

உம்மடை கடிதம் வந்த நாளிலையிருந்து மாமா சரியில்லை. அவர் சோறு அளைஞ்சுபோட்டு எழும்பிப் போறார். மூண்டு தரம் உமக்கு எழுதி மூண்டு தரமும் கிழிச்சுப்போட்டார். அவர் உமக்கு ஒரு விசயம் சொல்லவேணும். எனக்கும் அது தெரியும். நான் சொல்லக்கூடாது, அவர்தான் சொல்லவேணும். மாசி முடியமுந்தி நீங்கள் எழுதாட்டி நான் எழுதுவன் எண்டு சொல்லிப்போட்டன்.

நானும் வாய் திறக்காமல் இருந்தனான், பிள்ளை. உமக்கு நான் தாய் மாதிரி எண்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். எந்தத் தாய் அப்பிடி இருப்பாள்?

மாமி எமில்டா


டோர்செட் பார்க்
3 மார்ச் 2024

ஷாமிலா,

மாமி சுகம். நான் எப்படியிருந்தாலும் இன்றைக்கு அது முக்கியமில்லை.

மே மாதம் உமக்கு முன்னால் வைத்த மூன்று சீட்டிலும் நான் ஓம் என்றே எழுதியிருந்தேன்.

இதை எழுதுவதற்கு ஒன்பது மாதம் எடுத்திருக்கிறேன். இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் சாப்பாட்டு மேசையில் இருந்து சீட்டு வெட்டினேன். முதலில் ஒழுங்காகத்தான் எழுதினேன். ஓம், இல்லை, வெள்ளை. மடித்தும் வைத்தேன். பிறகு அந்த இல்லையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடம் இருபத்திநான்கு பேர் ஒரு மணித்தியாலம் தவறாமல் ஜெபித்து, கடைசியில் ஒரு பிள்ளை முன்வந்து நிற்கிறாள். ஒரு கடதாசித் துண்டு அவளைத் திருப்பி அனுப்பப்போகிறதா என்று நினைத்தேன். ஆண்டவருக்கு எது விருப்பம் என்று எனக்குத் தெரியும், சந்தர்ப்பத்துக்கு இடம் வைப்பானேன் என்று நினைத்தேன். பிறகு அவற்றைக் கிழித்துப் புதிதாக மூன்று எழுதினேன். ஓர் எழுத்தும் கோணவில்லை. அதைத்தான் இப்போது நினைக்க எனக்குப் பயமாயிருக்கிறது.

துஷாந்த் சைவப் பிள்ளை என்பதற்காக இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும்தான் காரணம். அந்த ஹெர்ன்ஹுட்காரரைப்போல நாங்களும் ஒரு சின்னக் கூட்டம், எங்களைப்பற்றியும் ஆரோ ஒருநாள் எழுதுவார்கள் என்ற ஆசையும் இருந்தது. அதுதான் பெரிது என்று இப்போது படுகிறது.

எடுக்காத சீட்டைத் திறக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. நீர் எடுத்ததை எல்லாரும் பார்க்க உயர்த்திப் பிடித்தேன். மற்ற இரண்டையும் சட்டைப் பொக்கற்றில் போட்டேன். மறுநாள் மாமி உடுப்புத் தோய்க்கும்போது கண்டுவிட்டா. மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் குசினிக்குப் போனா. ஒரு வீட்டுக்குள் ஒன்பது மாதம் நாங்கள் இதைப் பேசாமல் சீவித்தோம்.

துஷாந்த் வந்து சுகம் விசாரித்தார், தேத்தண்ணி குடித்தார் என்று எழுதினேன். தேத்தண்ணியை அவர் தொடவில்லை. "அங்கிள், எனக்கு உங்கடை சமயம் தெரியாது. ஒண்டு மட்டும் கேக்கிறன். அந்தச் சீட்டு ஒழுங்கானதோ?" என்று கேட்டார். என் கைக்குக் கீழே வேதாகமம் இருந்தது. ஓம் என்றேன்.

நீர் அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஆண்டவர் சொன்னார் என்று நின்றீர். சொன்னது நான். துஷாந்த் கலியாணம் செய்யப்போகிறார் என்று கேட்டபோதும் நீர் என்னுடைய எழுத்தைத்தான் பிடித்துக்கொண்டு நின்றீர்.

மன்னியும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அதற்கும் நீர் ஓம் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயமாயிருக்கிறது. நான் இனி என்ன செய்யவேண்டும் என்று நீர் எழுதும். எழுதாவிட்டாலும் துஷாந்திடமும் ஐக்கியத்திடமும் சொல்லப்போகிறேன்.

கிளிபோட்


டோர்செட் பார்க்
21 ஏப்ரல் 2024

ஷாமிலா,

நீர் சுகமாயிருக்கிறீர் என்று அட்சயா மாமிக்குச் சொன்னா. அது போதும். உம்மிடம் மறுமொழி எதிர்பார்த்து இதை எழுதவில்லை. செய்வேன் என்று சொன்னதைச் செய்தேனா என்று நீர் அறியவேண்டும், அதற்காக.

மார்ச் 16 அன்று ரெயின் எடுத்து அஜக்ஸ் போனேன். துஷாந்த் கராஜில் வயர் சுற்றிக்கொண்டு நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். அவர் வயரைக் கீழே போட்டார். பிறகு சொன்னார்: "அங்கிள், கடவுளோடை சண்டை பிடிக்கேலாது எண்டுதான் நான் விட்டனான். உங்களோடை எண்டால் பிடிச்சிருப்பன்."

மன்னிக்கச் சொல்லித் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். "கலியாணத்துக்கு ஏழு கிழமை இருக்கேக்கை இதைக் கொண்டுவந்து என்ரை வாசல்லை இறக்கிறியள். உங்களுக்குப் பாரம் குறைஞ்சிட்டுது. நான் இதை எங்கை வைக்கிறது? நிலாணிக்கு நான் என்ன சொல்லுறது?" என்றார். "ஷாமிலாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "அவ என்ன சொன்னவ?" "இன்னும் எழுதவில்லை." தலையை ஆட்டினார். பிறகு, "வெளியிலை ஐஸ் கிடக்கு, பாத்துப் போங்கோ" என்றார். அதைத் திட்டினதாக எடுப்பதா, வேறு மாதிரி எடுப்பதா என்று தெரியாமல் ஸ்ரேசன்வரை நடந்தேன். கலியாணம் குறித்த நாளில் நடக்கும் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வியாழன் ஐக்கியத்தில் எழும்பிச் சொன்னேன். முதலில் நான் ஏதோ சாட்சி சொல்கிறேன் என்று நினைத்து இரண்டு பேர் ஆமென் சொன்னார்கள். பிறகு விளங்கியது. பத்மநாதன் அண்ணை எழும்பினார். முப்பது வருடம் என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர். "என்ரை மகனுக்கு ஒப்பரேசன் செய்யிறதோ விடுறதோ எண்டு நீர்தான் சீட்டுப் போட்டனீர். அதுவும் இப்பிடித்தானோ, கிளிபோட்?" என்று கேட்டார். இல்லை, அது ஒழுங்கானது என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் ஒருவரும் நம்பவில்லை. நான் அவர்களாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இப்போது ஒன்பது பேர் மிச்சம். ஐக்கியத்தை இனி என்னை நடத்த வேண்டாம் என்றார்கள். சரி என்றேன். பகலில் பல மணித்தியாலம் ஆளில்லாமல் கிடக்கிறது. ஹெர்ன்ஹுட்டில் நூறு வருடம் ஓடியது எங்களிடம் இருபது வருடத்தில் நின்றது. அதை நிறுத்தினவன் நான்.

லாப்ரடோர் அதிகாரத்தைத் திருத்தி எழுதுகிறேன். கப்பலைப் பற்றியும் எழுதுகிறேன். அந்தச் சகோதரர்கள் செய்த நன்மையை அதனால் குறைக்க எனக்கு மனமில்லை. அந்த நன்மையைக் காட்டி இதை மறைக்கவும் இனி ஏலாது. அச்சடிக்க ஆளில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மாமி சுகம். என்னோடு கதைக்கிறா.

கிளிபோட்


9 யூன் 2024

மாமாவுக்கு,

நான் சுகம். நீங்களும் மாமியும் சுகம் எண்டு நம்புறன். மாமிக்கு வேறையா எழுதிறன். அவவிலையும் எனக்குக் கோவம் இருக்கு. அதை உங்கடை கடிதத்துக்குள்ளை வைச்சு அனுப்ப விருப்பமில்லை.

உங்கடை மார்ச் கடிதம் கிளினிக்கிலை வைச்சுக் கிடைச்சுது. வாசிச்சு மடிச்சு வைச்சிட்டு ரெண்டு பிள்ளையளுக்கு ஊசி போட்டன். றோஸியும் ஒராள். நல்லாக் கொழுத்திட்டாள். என்ரை விரலைப் பிடிச்சுக் கடிச்சாள். பிறகு வீட்டை போய்க் கதவைச் சாத்திப்போட்டுக் கத்தினன். பக்கத்து வீட்டு நாயெல்லாம் குலைச்சுது.

அதுக்குப் பிறகு ஒரு மாசம் சேர்ச்சுக்குப் போகேல்லை. சபீனா வந்து கதவைத் தட்டினா. எல்லாம் சொன்னன். அவ ஆறுதல் ஒண்டும் சொல்லேல்லை. "எங்களையும் ஒருத்தரும் கேட்டிட்டு வரேல்லை," எண்டா. "வந்தவை சிலபேர் நல்லவை. சிலபேர் நோயும் கொண்டு வந்தவை. சிலபேர் ரெண்டும்தான். ட்றம்பெற்றும் அவைதான் கொண்டு வந்தவை. இப்ப அது என்ரை மகன்ரை. நீர் திருப்பிக் குடும் எண்டாலும் குடுக்கமாட்டான்." எண்டு சொல்லிப்போட்டு, நான் சமைக்காமல் கிடக்கிறதைப் பாத்து மீன் அவிச்சுத் தந்தா.

துஷாந்துக்கு மே மாசம் கலியாணம் நடந்திட்டுது. அவர் எனக்கு எழுதேல்லை. நானும் எழுதேல்லை. அது சரி. நிலாணிக்கு நான் ஒரு பேராக்கூட வரக்கூடாது எண்டு நினைக்கிறன்.

அவரை இழந்ததுக்காக மட்டும் எனக்குக் கோவம் எண்டு நினைக்காதேங்கோ. சீட்டிலை இல்லை எண்டு வந்திருந்தா நான் என்ன செய்திருப்பன்? அதையும் மீறி வந்திருப்பனோ? அல்லது அப்பாடா எண்டு அஜக்ஸுக்கு ஓடியிருப்பனோ? எனக்குத் தெரியாது. நான் ஆர், எனக்கு உண்மையா எது வேணும் எண்டு அண்டைக்கு எனக்குத் தெரிய வந்திருக்கும். நீங்கள் அதைத்தான் எடுத்தனீங்கள். அதை உங்களாலை திருப்பித் தர ஏலாது. துஷாந்தாலையும் ஏலாது.

நீங்கள் போய் அவரிட்டைச் சொன்னது, ஐக்கியத்திலை எழும்பிச் சொன்னது, ரெண்டும் கஷ்டம் எண்டு தெரியும். பத்மநாதன் அங்கிள் கேட்டதை வாசிக்க உங்களுக்காக நெஞ்சு நொந்தது. அப்பிடி நொந்ததுக்கு என்னிலையே எனக்குக் கோவம் வந்தது.

போன மாசக் கடைசியிலை கிளினிக்கிலை கேட்டவை, இன்னும் ரெண்டு வருசம் நிக்கிறீரோ எண்டு. நாலு நாள் எடுத்தன். ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. ஜெபிச்சன், ஆனா விடை சொல்லித் தாரும் எண்டு கேக்கேல்லை. எனக்கு இஞ்சத்தை வேலை பிடிச்சிருக்கு. ஆக்களைப் பிடிச்சிருக்கு. குளிர் பிடிக்கேல்லை. நிக்கிறன் எண்டு சொல்லிட்டன். இது நான் எடுத்தது. உங்கடை ஒன்பது பேரும் எனக்காக ஜெபிக்கலாம். ஆனா நாங்கள் அனுப்பின ஆள் எண்டு இனி என்ரை பேரை ஒரு இடத்திலையும் எழுதக்கூடாது. திருத்திற புத்தகத்திலையும்.

ஓகஸ்டிலை எனக்கு மூண்டு கிழமை லீவு. ரொறன்ரோ வாறன். அட்சயா வீட்டிலை பிறம்ரனிலை நிப்பன், உங்களோடை இல்லை. பதினெட்டாம் திகதி ஞாயிறு மத்தியானம் உங்களிட்டை வருவன். மாமியைச் சமைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பாட்டுப் பாடி, வேதம் வாசிச்சுத் தொடங்க வேண்டாம்.

அண்டைக்கு நான் கதைப்பன். எவ்வளவு நேரம் எடுக்குமெண்டு தெரியாது. இடையிலை விளக்கம் சொல்லாமல், அழாமல், ஹெர்ன்ஹுட்டைப் பற்றி ஒரு கதையும் எடுக்காமல், நீங்கள் இருந்து கேக்கவேணும். மன்னிக்கிறனோ இல்லையோ எண்டது அதுக்குப் பிறகு.

ஷாமிலா